துர்க்காபாய் அம்மையார்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபொழுது, வள்ளுவர் பெருமானைப் பற்றியோ பாரதியாரைப் பற்றியோ எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினேன். ஆயினும் அவ்விருவரைப் பற்றியும் எழுதுவதற்கு நம்மிடையே தமிழை முறையாகக் கற்ற பெரியோர் பலர் உளர். மெட்ரிகுலேஷன் தேறியதோடு ஏட்டுப் படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகக் காலம் கழிக்கும் என் போன்றவன் அவர்கள் நடக்கும் பாதையில் குறுக்கிடுவது தகாது. ஆகவே, நாம் நாள்தோறும் பெயரைச் சொல்லிக்கொண்டே, யாரென்று அறியாமல் கடந்து செல்லும் ஒருவரின் வரலாற்றை எழுதத் துணிந்தேன். பிழை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

தில்லியில் தௌலா குவான் அருகே மெட்ரோ இரயில் நிலையம் ஒன்று உளது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அது திறக்கப்பெற்றது. துர்க்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ் என்பது அதன் பெயர். நம் காலனிப் பிள்ளைகள் பலர் கல்லூரிக்குச் செல்ல அங்குதான் இறங்குகின்றனர். அவ்வழியே செல்லுகையில் என் மகள் அந்தத் துர்க்காபாய் யார் என்று என்னைக் கேட்டாள். யாரோ ஒரு வடநாட்டு மந்திரியின் மனைவியாராக இருக்கக்கூடும் என்று கூறிவிட்டேன். மந்திரியின் மனைவியார் என்பது மட்டும் மெய். மற்றபடி, அவர் நம் பழைய சென்னை மாகாணத்தவர். நம் வேலூர்ச் சிறையிலும் மதுரைச் சிறையிலும் கிடந்தவர். சென்னையில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர். பெற்ற மகளுக்குத் தவறான விடை சொன்ன குற்றத்திற்காகவேனும் இதனை எழுதக் கடமைப்பட்டுள்ளேன்.

துர்க்காபாய் 1909-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் கோதாவரிக் கரையில் உள்ள இராஜமுந்திரியில் பிறந்தார். தந்தையார் இராமராவ், தாயார் கிருஷ்ணவேணம்மா. அந்நாளைய வழக்கப்படி எட்டு வயதிலேயே அவருக்கு மணம் முடிக்கப்பெற்றது. மணம் என்றால் இன்னதென அறியாத பருவத்தில் நடந்த அம்மணத்தை, அறிந்த பருவத்தில் அவர் ஏற்கவில்லை. கணவராக வந்தவரிடம் தம் கருத்தை வெளிப்படையாகக் கூறி, அவர் வேறு மணம் செய்துகொள்ளத் தடையில்லை என்றும் சொல்லிப் பிரிந்தார். தந்தையாரும் உடன்பிறந்தாரும் அப்பெண்ணின் பக்கமே நின்றனர். நூறாண்டுகளுக்கு முன் ஓர் ஆந்திரக் குடும்பம் இவ்வாறு நின்றது எளிய செய்தியன்று.

1921-ஆம் ஆண்டு காந்தியடிகள் காக்கிநாடாவுக்கு வந்தார். துர்க்காபாய்க்கு அப்பொழுது பன்னிரண்டு வயது கூட நிறையவில்லை. அவ்வூரில் தேவதாசிப் பெண்களும், கோஷா முறையில் வாழ்ந்த இசுலாமியப் பெண்களும் பொதுக்கூட்டத்திற்கு வர இயலாதவர்கள். அவர்களும் அடிகளைக் காண வேண்டும் என்று அச்சிறுமி ஏற்பாட்டாளர்களிடம் மன்றாடினாள். 5,000 ரூபாய் நிதி சேர்த்துக் கொடுத்தால் ஐந்து நிமிடம் ஒதுக்குவதாக அவர்கள் பேச்சுக்குச் சொன்னார்கள். சிறுமி அதனை மெய்யென்றே கொண்டு அப்பெண்களிடம் சென்றாள், பணமும் சேர்ந்துவிட்டது. வந்த அடிகள் ஐந்து நிமிடத்தில் எழுந்து சென்றாரில்லை, நெடுநேரம் பேசினார். அவர் இந்துஸ்தானியில் பேசப்பேச, அதைத் தெலுங்கில் எடுத்துச் சொன்னது அந்தச் சிறுமியே. அதன் பின் அவ்வட்டாரத்துப் பொதுக்கூட்டங்களிலும் அவளையே மொழிபெயர்க்குமாறு அடிகள் பணித்தார். பெரியோர் பேசும் அரசியல் மொழியை அது சென்று சேராத பெண்களின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்னும் வேலை அன்று அவர் கைக்கு வந்தது. பின்னாளில் அவர் வகித்த பதவிகள் பல. செய்த வேலை என்னவோ இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒத்துழையாமை இயக்கம் நடந்த அந்நாளில் அவர் ஆங்கிலப் பள்ளியை விட்டு விலகினார். இந்தியைத் தாமே கற்றுப் பெண்களுக்கென ஓர் இந்திப் பாடசாலையும் தொடங்கினார். ஆசிரியைக்கு வயது பதின்மூன்றோ பதினான்கோ; மாணவியரில் அவருடைய தாய் வயதினரும் இருந்தனர். 1923-ஆம் ஆண்டு இறுதியில் காக்கிநாடாவில் காங்கிரசு மகாசபை கூடியது. அங்கு நடந்த காட்சிச்சாலையின் வாயிலில் துர்க்காபாய் தொண்டராக நின்றார். சீட்டு இல்லாமல் ஒருவரையும் விடலாகாது என்பது அவருக்கிட்ட கட்டளை. ஜவாஹர்லால் நேரு அவர்கள் வந்தார், சீட்டு இல்லை, துர்க்காபாய் உள்ளே விடவில்லை. ஏற்பாட்டாளர்கள் பதறி ஓடிவந்து சீட்டு வாங்கிக் கொடுத்த பின்னரே நேரு உள்ளே சென்றார். அவர் அப்பெண்ணைச் சினக்கவில்லை, பாராட்டினார். எங்கள் இரயில்வேக் குடும்பத்தினர்க்கு இந்நிகழ்ச்சி சற்று அதிகமாகவே இனிக்கும். சீட்டுப் பரிசோதிப்பவர் பெரிய மனிதரைக் கண்டால் தலையைச் சொறிந்துகொண்டு ஒதுங்குவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் சென்னையிலும் நடந்தது. அதில் முன்னின்ற துர்க்காபாய் கைது செய்யப்பெற்றார். அது முதல் 1933 வரையில் மும்முறை சிறைவாசம். வேலூரிலும் மதுரையிலும் அவர் இருந்தார். மதுரையில் தனிக்கொட்டடி வாழ்வு அவருடைய உடல்நலத்தைக் குலைத்தது. எனினும் அவருடைய வாழ்வை மாற்றியது உடல் நோவு அன்று; உடனிருந்த பெண் கைதிகளே ஆவர். கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர்கள் அவர்களுள் பலர். ஏழைகள், எழுத்தறியாதவர்கள். தம் வழக்கில் என்ன நடந்தது என்பதே அவர்களுட் பலருக்குத் தெரியவில்லை. அதன் விளைவு இன்னதென அறியாமலே குற்றத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்திருந்தவர்களும் இருந்தனர். எடுத்துச் சொல்ல ஒருவர் அருகில் இருந்திருந்தால் அவர்களிற் சிலரேனும் சிறைக்கே வந்திருக்க மாட்டார்கள் என்று துர்க்காபாய் கண்டார். விடுதலையான பின் சட்டம் படிப்பது என்று அங்கேயே முடிவு செய்தார்.

இவ்விடத்தில் என் சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பணியில் இருக்கும்பொழுதே இறந்துபோன தொழிலாளி ஒருவரின் மனைவியார் என் மேசைக்கு வந்தார். உறவினர் இருவர் உடன் வந்தனர். குடும்ப ஓய்வூதியத் தாள்களில் கைநாட்டு வாங்கும் வேலை. நாலைந்து தாள்கள். உணவு இடைவேளை நெருங்கிவிட்டது. உறவினர் ஒவ்வொரு தாளாக எடுத்து வைக்க, அம்மையார் விரலை மையில் தோய்த்துப் பதித்துக்கொண்டே வந்தார். அவற்றுள் ஒன்று ஓய்வூதியத் தாள் அன்று. கருணை அடிப்படையில் தமக்கு வேலை வேண்டாம் என்றும், கணவரின் முதல் தாரத்து மகனுக்கே அது தரப்படலாம் என்றும் எழுதிய சம்மதத் தாள். அதில் முறைப்படி சாட்சிக் கையொப்பம் இட்டவன் நான். சில மாதங்கள் கழித்து அவர் கைக்குழந்தையோடு வந்து, தமக்கு வேலை எப்பொழுது கிடைக்கும் என்று கேட்டார். தாளை எடுத்துக் காட்டினேன். அவரால் அதைப் படிக்க முடியவில்லை. என்னால் அதை வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. அன்று முதல் எந்தத் தாளாயினும், எவ்வளவு நேரமாயினும், அவரவர்க்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்குவதில்லை. அதனால் அந்த அம்மையாருக்கு ஒரு பயனும் இல்லை. துர்க்காபாயின் சிறை வாழ்வைப் படித்தபொழுது, என் மேசையும் மைப்பெட்டியும் என் கண் முன் நின்றன.

சட்டம் படிக்க முதலில் பட்டம் வேண்டும். பட்டத்திற்கு மெட்ரிகுலேஷன் வேண்டும். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவருக்கு ஆங்கிலம் ஏறத்தாழப் புதிது. இருபது வயதுக்கு மேல் அவர் தாமே பயின்று, காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் நூல் பயிலச் சென்றார். பெண்களுக்கு விடுதி இல்லை. ஆகவே சேர்க்க இயலாது என்றனர். துர்க்காபாய் பத்திரிகையில் விளம்பரம் செய்து, படிக்க விரும்பிய பெண்களைத் திரட்டித் தாமே ஒரு விடுதி அமைத்தார். அதன் பின் மறுப்பதற்குக் காரணம் இல்லாமற் போயிற்று. பட்டம் பெற்றுச் சென்னையில் சட்டம் பயின்று, 1942-இல் வழக்கறிஞரானார்.

இடையே, 1937-இல் சென்னை மயிலாப்பூரில் சிறுமியரையும் பெண்களையும் கூட்டி அவர் தொடங்கிய சிறு கழகம் ஆந்திர மகிளா சபையாக வளர்ந்தது. இளமையில் படிக்க இயலாமற்போன பெண்களுக்குக் காசித் தேர்வுக்குப் பயிற்சி தருவது அச்சபையின் முதல் வேலைகளுள் ஒன்று. தாம் ஏறிவந்த ஏணியை அவர் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அச்சபை இன்று மருத்துவமனையும் பள்ளிகளும் கல்லூரிகளுமாய்ச் சென்னையிலும் ஐதராபாதிலும் விரிந்துள்ளது. சென்னையில் அவர் பெயரால் ஒரு சாலையும் உண்டு.

சபையின் வரலாற்றில் பலரும் அறியாத செய்தி ஒன்று உளது. எட்டு வயதில் துர்க்காபாய்க்கு மாலையிட்டவர் பின்னர் வேறொரு பெண்ணை மணந்து, சில ஆண்டுகளில் காலமானார். ஆதரவின்றி நின்ற அக்கைம்பெண்ணைத் துர்க்காபாய் தம் சபைக்கு வரவழைத்தார். தொழிற்பயிற்சி அளித்து, சொந்தக் காலில் நிற்கும் வழியும் செய்து கொடுத்தார்.

1946-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை தில்லியில் கூடிற்று. அதில் இடம்பெற்ற பெண்கள் பதினைவர். சென்னை மாகாணத்திலிருந்து அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், துர்க்காபாய் ஆகிய மூவரும் சென்றனர். சபைத் தலைவர் இல்லாதபொழுது அவைக்குத் தலைமை தாங்குவோர் குழுவில் இருந்த ஒரே பெண் துர்க்காபாய்தான். அவர் முன்மொழிந்த திருத்தங்கள் நூற்றுக்கணக்கானவை. இராஜ்ய சபை உறுப்பினராவதற்கு 35 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்று வரைவில் இருந்ததை 30 ஆகக் குறைத்தது அவர் கொண்டுவந்த திருத்தமே. அறிவு வயதைப் பொறுத்ததன்று என்பதை, பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடம் நடத்தியவரை விட வேறு யார் துணிந்து சொல்லக்கூடும்?

மொழிச் சிக்கல் 1949-ஆம் ஆண்டு செப்டம்பரில் விவாதத்திற்கு வந்தது. நம் சங்கத்தில் இவ்விஷயத்தில் பல கருத்தினர் உளர். யாரையும் நோகச் செய்வது என் நோக்கமன்று. சென்னை மாகாணத்தில் 1938-இல் கட்டாய இந்தி புகுத்தப்பெற்றதும், அதை எதிர்த்துத் தமிழர் சிறை சென்றதும் யாவரும் அறிந்ததே. துர்க்காபாயோ இந்தியை விரும்பிக் கற்றவர், பிறர்க்கும் கற்பித்தவர். ஆகவே அவர் இந்திக்காரர்களின் பக்கமே பேசுவார் என்று வடநாட்டு அன்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவர் பேசியது வேறு. இந்தியும் உருதும் கலந்து எளியோர் வாயில் வழங்கும் இந்துஸ்தானியே பொதுமொழியாகத் தக்கது என்றார். தென்னாட்டில் இந்தியைப் பரப்பிய தம்மைப் போன்ற தொண்டர்களுக்கு, இந்தி ஆர்வலரின் வேகம் எத்தகைய அதிர்ச்சியைத் தந்துள்ளது என்பதை எடுத்துரைத்தார். பதினைந்து ஆண்டுகளேனும் உள்ள நிலை நீடிக்க வேண்டும் என்றும் கேட்டார். செப்டம்பர் 14-ஆம் நாள் சபை முடிவு செய்தது. தேவநாகரி எழுத்தில் இந்தி ஆட்சிமொழியாயிற்று, இந்துஸ்தானி தோற்றது, ஆங்கிலம் பதினைந்து ஆண்டு தொடர இடம் கிடைத்தது. அப்பதினைந்தாண்டு முடிந்த 1965-இல் தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியை நம் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம்.

என் சிற்றறிவுக்கு எட்டியவரையில், துர்க்காபாயின் கவலை எந்த மொழி அரியணை ஏறுவது என்பது அன்று. அரசாங்கம் பேசுவது குடிமகனுக்கும் குடிமகளுக்கும் விளங்க வேண்டும் என்பதே. கடினமான சொற்களால் நிறைந்த இந்தி, காசி நகரத்துக் கூலிக்காரனுக்கே விளங்காதெனில், காக்கிநாடாப் பெண்ணுக்கு எங்ஙனம் விளங்கும்?

1949 நவம்பர் 26-இல் அரசியலமைப்பு நிறைவேறிற்று. அதன் நான்காம் பகுதி அரசின் வழிகாட்டு நெறிகளைக் கூறுவது. மக்களின் நலத்தை வளர்ப்பதே அரசின் கடமை என்கிறது 38-ஆம் பிரிவு. முதுமையிலும் நோயிலும் வேலையின்மையிலும் பொது உதவி வேண்டும் என்கிறது 41-ஆம் பிரிவு. பதினான்கு வயது வரை யாவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி, பத்தாண்டுக்குள் தர முயல வேண்டும் என்றது 45-ஆம் பிரிவு. கேட்கவே நெஞ்சு குளிரும் சொற்கள்! ஆனால் இவற்றைக் கொண்டு நீதிமன்றத்தில் வழக்காட இயலாது என்று 37-ஆம் பிரிவு முன்னதாகவே கூறிவிடுகிறது. அலுவலகத்தில் பல்லாண்டு இருந்தவனுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஆணை உண்டு, ஒதுக்கீடு இல்லை.

அடுத்து வந்தது முதற் பொதுத்தேர்தல். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த அத்தேர்தலில் வாக்குரிமை பெற்றவர் 17 கோடிக்கு மேற்பட்டவர். பெரும்பாலோர் எழுத்தறியாதவர் ஆதலின், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து அதன்மேல் சின்னம் ஒட்டினர். வாக்காளர் பட்டியல் எழுதச் சென்றவர்களிடம் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டனர். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே சொன்னார்கள். அவ்வாறு பெயர் கூறாத ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பெற்றன. குடியாட்சி வந்தும், தம் பெயரைத் தாமே சொல்ல இயலாமையால் வாக்கிழந்தவர் அத்தனை பேர்! அத்தேர்தலில் துர்க்காபாயும் வெற்றி பெறவில்லை. அரசியலமைப்பை எழுதியவர்களுள் ஒருவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்ப மக்கள் மறுத்ததில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தேர்தல் என்பதே அதுதான்.

நேரு அவர்கள் துர்க்காபாயைத் திட்டக் கமிஷனில் உறுப்பினராக்கினார். அங்கு நிதி மந்திரி சிந்தாமன் துவாரகாநாத் தேஷ்முக்கும் இருந்தார். ரிசர்வ் வங்கியின் முதல் இந்தியக் கவர்னராக இருந்த பேரறிஞர், வடமொழிப் புலவர், மனைவியை இழந்தவர். 1953 ஜனவரி 22-ஆம் நாள் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். நேருவே சாட்சிக் கையொப்பம் இட்டார். மணமகளுக்கு வயது நாற்பத்து மூன்று. நம் காலனியில் அவ்வயதில் ஒரு பெண் மணம் புரிந்தால் எத்தனை நாள் பேசுவோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அணைகளும் ஆலைகளும் இருந்தன. அநாதைக் குழந்தைகள், கைம்பெண்கள், ஊனமுற்றோர் ஆகியோருக்கு என்ன என்று துர்க்காபாய் கேட்டார். தொண்டு நிறுவனங்களின் வழியாக அவர்களுக்கு உதவ நான்கு கோடி ரூபாய் ஒதுக்கப்பெற்றது. அதைப் பகிர்ந்தளிக்க 1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. துர்க்காபாயே முதல் தலைவர்.

அதுவரை நம் நாட்டில் ஏழைக்கு உதவுவது தருமம் எனப்பட்டது. கொடுப்பவர் புண்ணியம் பெறுவார், பெறுபவர் கைகூப்புவார். இப்பொழுது அதே உதவிக்குச் சமூக நலம் என்று பெயர் வந்தது. பெயர் மாறினால் பசி மாறுமா என்று கேட்பவர் உண்டு. சத்திரத்தில் சோறு இல்லையென்றால் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. நல வாரியத்தில் இல்லையென்றாலோ, ஏன் இல்லை என்று கேட்கலாம், பார்லிமெண்டில் கேள்வி எழுப்பலாம், கணக்குக் கேட்கலாம். 1955 ஜனவரியில் சென்னைக்கருகே ஆவடியில் கூடிய காங்கிரசு, சோஷலிச பாணிச் சமுதாயம் என்னும் சொற்றொடரை முழங்கியது. அத்தகைய பெருஞ்சொற்கள் மேடைதோறும் ஒலித்த காலம் அது. துர்க்காபாயின் வாரியம் எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் தையல் இயந்திரமும், குழந்தைகளுக்குப் பாலும், மருத்துவச்சியின் சம்பளமும் பேசப்பட்டிருக்கும் என்று எண்ணுகிறேன்.

1954 ஆகஸ்டு 15 முதல் கிராமங்களுக்கான நலவிரிவுத் திட்டங்கள் தொடங்கின. ஒவ்வொரு திட்டமும் ஏறத்தாழ 25 கிராமங்களைக் கொண்டது. குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி, பிரசவ உதவி, பெண்களுக்கு எழுத்தறிவு, கைத்தொழில் ஆகியவை அங்கு நடந்தன. கிராம சேவிகைகளைக் கஸ்தூரிபா அறநிலையம் பயிற்றுவித்தது. அலுவலரைக் கொண்டே எல்லாவற்றையும் நடத்தாமல், பெண்களின் தொண்டுச் சங்கங்களிடம் பணத்தை ஒப்படைத்தது துர்க்காபாயின் தனிப்போக்கு. இதில் குறை இல்லாமலில்லை. வசதி படைத்த குடும்பப் பெண்களும் அதிகாரிகளின் மனைவியருமே பல இடங்களில் தலைமை நாற்காலியில் அமர்ந்தனர். தையல் கற்கும் பெண் தரையிலேயே இருந்தாள். அன்றைய நிலையில் கணக்கெழுதவும் கடிதம் எழுதவும் கற்ற பெண்கள் வேறெங்கும் கிடைப்பது அரிது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அந்த அருமையே அடுத்த பணிக்கு வித்தாயிற்று. கிராம சேவிகை, மருத்துவச்சி, ஆசிரியை ஆகிய வேலைகளுக்கு ஆட்கள் தேவை. வேலை தேவைப்படும் கைம்பெண்களும் கைவிடப்பெற்ற பெண்களும் ஏராளம். ஆனால் அவர்களிடம் பள்ளிச் சான்றிதழ் இல்லை. முப்பது வயதுப் பெண்ணைச் சிறுமியரோடு வகுப்பில் அமர்த்த முடியுமா? 1958-இல் வாரியம் சுருக்கக் கல்வி வகுப்புகளைத் தொடங்கிற்று. பல ஆண்டுப் பள்ளிப் படிப்பை இரண்டு ஆண்டில் கற்பித்து, வளர்ந்த பெண்களைத் தேர்வுக்கு அனுப்புவது அதன் முறை. மயிலாப்பூரில் காசித் தேர்வுக்குக் கற்பித்தாரே, அதே வேலைதான். இப்பொழுது நாடு முழுவதும். மெட்ரிகுலேஷன் சான்றிதழ் ஒன்று மனிதனுக்கு என்ன செய்யும் என்பதை எம்.ஏ. படித்தவரைக் காட்டிலும் நான் நன்கறிவேன். அது இல்லாதிருந்தால் என் தந்தையாரைப் போல நானும் தண்டவாளத்தின் மேல் நின்றிருப்பேன். அது இருந்தமையால் மேசைக்குப் பின் அமர்ந்தேன்.

அதே 1958-இல் பெண்கல்வி பற்றி ஆராய அரசாங்கம் அமைத்த தேசியக் குழுவுக்கும் அவரே தலைவர். பின்னர் தில்லியில் சமூக வளர்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். பார்வையற்றோர் பள்ளிக்கும் தொழிற்கூடத்துக்கும் உழைத்தார். தேஷ்முக் 1956-இல் பம்பாய் நகரத்தின் எதிர்காலம் பற்றிய கருத்து வேற்றுமையால் மந்திரிப் பதவியைத் துறந்து, பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும், தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். 1975-இல் கணவர் மனைவி இருவருக்கும் பத்ம விபூஷண் விருது வழங்கப்பெற்றது. இருவரும் இறுதிக் காலத்தை ஐதராபாதில் கழித்தனர். துர்க்காபாய் அம்மையார் 1981 மே 9-ஆம் நாள் காலமானார். மறு ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தேஷ்முக் அவர்களும் மறைந்தார்.

அம்மையார் 1953-இல் சீன நாட்டிற்குச் சென்றிருந்தபொழுது, குடும்ப வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றங்கள் நடப்பதைக் கண்டு, நம் நாட்டிலும் அவை வேண்டும் என்று நீதிபதிகளிடமும் நேருவிடமும் வாதாடினார். அதற்கான சட்டம் அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1984-இல் நிறைவேறியது. அவர் தோற்றுவித்த நல வாரியத்தை அண்மை ஆண்டுகளில் நடுவணரசு மூடிவிட்டது.

சென்ற மாதம் அந்த மெட்ரோ நிலையத்தில் மகளோடு மீண்டும் இறங்கினேன். நீண்ட நடைமேம்பாலத்தின் வழியே தௌலா குவான் பக்கம் நடந்துகொண்டே இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். சிறைப் பெண்களின் வாக்குமூலம் வரை வந்ததும், என் மேசையில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். அவள் சிறிது நேரம் பேசாமல் வந்தாள். பிறகு, அந்த அம்மாள் இப்பொழுது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். கோப்பில் முகவரி இருக்குமே என்றாள்.